பத்தொன்பது வயதின் வானம்: இளம் விமானிகளும் போர்க்கவிதையும்

போர்க்கவிதை எண்டால் எங்களில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது சேறுதான். முதலாம் உலகப் போரின் பதுங்குகுழி, முள்ளுக்கம்பி, நச்சுப்புகை, எலி, முழங்கால் அளவு தண்ணி. வில்ஃபிரட் ஓவன், சிக்ஃபிரிட் சசூன் என்று ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் சொல்லுகிற பெயர்கள் எல்லாம் தரையில் நின்று போரைப் பார்த்தவர்களின் பெயர்கள். அதே நூற்றாண்டில் வானத்தில் பறந்து செத்துப்போன பொடியளைப் பற்றியும் கவிதைகள் வந்தன. அவ்வளவு அதிகமில்லை. ஆனால் அவற்றை வரிசையாக வைத்து வாசித்தால், அறுபது வருடங்களுக்குள் ஒரு வகை மரணத்தைப் பற்றிக் கதைக்கிற முறை எப்படி மாறிப்போனது என்பது தெரியவரும்.

விமானப்படையில் சேர்ந்த இளைஞர்களுக்கு உண்மையில் என்ன ஆபத்து இருந்தது, கவிதை அதில் எவ்வளவைச் சொன்னது, எவ்வளவை மறைத்தது என்பதுதான் எங்கட கேள்வி. இது சும்மா இலக்கிய ஆர்வத்தில் வந்த கேள்வி இல்லை. வானத்தில் இரைச்சல் கேட்டால் ஒருக்கால் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பங்கருக்குள் ஓடின சனத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். எங்களில் இளையவர்கள் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். விமானத்துக்குள் இருந்தவனுக்காகவும் கொஞ்சம் இரங்கச் சொல்லுகிற ஒரு கவிதையை நாங்கள் எப்படி வாசிக்கிறது? அதுக்குப் பதில் தேட முதல், அந்தக் கவிதைகள் வந்த காலத்துக்குப் போவோம்.

பரசூட் இல்லாத காலம்

ரைட் சகோதரர்கள் பறந்தது 1903 இல். முதலாம் உலகப் போர் தொடங்கியது 1914 இல். இடையில் பதினொரு வருடம்தான். ஆகவே அந்தப் போரில் ஏறிப் பறந்தவர்கள் மரச்சட்டம், துணி, கம்பி ஆகியவற்றால் கட்டின ஒரு பொருளில்தான் பறந்தார்கள். பெற்றோல் தாங்கி விமானிக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு தோட்டா பட்டால் துணி பற்றி எரியும். எதிரியின் தோட்டாவைவிட நெருப்புக்குத்தான் விமானிகள் கூடப் பயந்தார்கள். பிரித்தானியாவின் பேர்பெற்ற விமானிகளில் ஒருவரான எட்வர்ட் மனொக், விமானம் எரிந்தால் தன்னைத்தானே சுட்டுக்கொள்வதற்காகக் கைத்துப்பாக்கி ஒன்றைக் கொண்டுபோனதாகச் சொல்லுவார்கள். 1918 ஜூலையில் அவரது விமானம் எரிந்துதான் விழுந்தது.

பரசூட் அப்போது கண்டுபிடிக்கப்படாத பொருளல்ல. கண்காணிப்புப் பலூன்களில் ஏறின பிரித்தானியப் படையினரிடம் அது இருந்தது. போரின் கடைசி வருடத்தில் ஜேர்மன் விமானிகளுக்கும் கிடைத்தது. பிரித்தானிய விமானிகளுக்கு மட்டும் போர் முடியும்வரை கொடுக்கவில்லை. பாரம் கூட, இடம் போதாது என்று காரணம் சொன்னார்கள். பரசூட் இருந்தால் விமானத்தைக் காப்பாற்றப் பார்க்காமல் குதித்துவிடுவார்கள் என்ற எண்ணமும் மேலிடத்தில் இருந்தது. 1917 ஏப்ரலில், பிரான்சின் அராஸ் பகுதிச் சண்டையில், அந்த ஒரு மாதத்துக்குள் பிரித்தானியத் தரப்பு ஏறத்தாழ 245 விமானங்களை இழந்தது. 'இரத்த ஏப்ரல்' என்றுதான் வரலாற்றில் அதுக்குப் பெயர்.

இதே காலத்தில் செய்தித்தாள்களும் அரசியல்வாதிகளும் விமானிகளை மேகத்தில் போகிற குதிரைவீரர்கள் மாதிரி வர்ணித்தார்கள். கீழே ஆயிரக்கணக்கானோர் பெயர் தெரியாமல் சேற்றில் செத்துக்கொண்டிருக்கும்போது, மேலே ஒருவனுக்கு ஒருவன் நின்று மோதுகிற பழைய வீரயுகம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று நம்புவது சனத்துக்கும் ஆறுதலாக இருந்தது.

இந்தச் சூழலில் வந்ததுதான் டபிள்யூ. பி. யேற்ஸ் எழுதிய, ஓர் ஐரிஷ் விமானி தன் மரணத்தை முன்கூட்டியே காண்பதாக அமைந்த கவிதை. 1919 இல் நூலில் வெளியானது. அது றொபேர்ட் கிறெகரி என்ற விமானியை மனதில் வைத்து எழுதியது. யேற்ஸின் நெருங்கிய நண்பரும் நாடக ஆசிரியருமான கிறெகரி சீமாட்டியின் ஒரே மகன் அவர். 1918 ஜனவரி 23 இல் இத்தாலியில் விமானம் விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 36, மூன்று பிள்ளைகளின் தகப்பன். அந்தக் கால விமானிகளுக்குள் அவர் மூத்தவர் என்றே சொல்ல வேண்டும். அவர் எப்படி விழுந்தார் என்பதைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான கதைகள் பிற்பாடு வந்தன. நட்பு நாட்டு விமானம் தவறுதலாகச் சுட்டது எண்டும் ஒரு கதை, பறக்கும்போதே மயங்கினார் எண்டும் ஒரு கதை.

கவிதையில் இது எதுவும் இல்லை. அதில் பேசுகிற விமானிக்கு எதிரி மீது வெறுப்பும் இல்லை, தான் காக்கிற பேரரசின் மீது பற்றும் இல்லை. கட்டாய ஆட்சேர்ப்போ, தலைவர்களின் பேச்சோ தன்னை அனுப்பவில்லை என்கிறான். தன் ஊர் ஏழைகளுக்கு இந்தப் போரின் முடிவால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். மேகங்களுக்கிடையில் கிடைக்கிற ஒரு தனிமையான சந்தோசம் மட்டும்தான் அவனை இழுத்தது. வாழ்வையும் சாவையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறான். அயர்லாந்துக்காரன் ஒருவன் பிரித்தானியாவின் போரில் சாகிறதில் உள்ள சிக்கலை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனால் சாவு என்கிற விசயம் அதில் உடல் இல்லாமல் வருகிறது. எரிந்த துணி இல்லை, பெற்றோல் மணம் இல்லை. விமானி தன் சாவைத் தானே தெரிவுசெய்கிற ஒரு பிரபு மாதிரி நிற்கிறான்.

கதை இதோடு முடியவில்லை. 1920 இல் அயர்லாந்தில் பிரித்தானியத் துணைப்படைகள் சனத்தைச் சுட்டும் வீடுகளை எரித்தும் திரிந்தன. கிறெகரி குடும்பத்தின் ஊர்ப்பக்கத்திலேயே, கைக்குழந்தையோடு வாசலில் இருந்த கர்ப்பிணிப் பெண் ஒருவர் போகிற லொறியிலிருந்து சுடப்பட்டு இறந்தார். அப்போது யேற்ஸ் இன்னொரு கவிதை எழுதினார். செத்துப்போன விமானியின் ஆவியைக் கூப்பிட்டு, நீ யாருக்காகச் செத்தாயோ அவர்கள் இப்போது உன் ஊருக்குச் செய்கிறதை வந்து பார் என்கிற கவிதை அது. தாய்க்கு அது பிடிக்கவில்லை. யேற்ஸும் வெளியிடாமல் வைத்துவிட்டார். அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு, 1948 இல்தான் அச்சில் வந்தது. பாடசாலைகளில் முதல் கவிதையைத்தான் படிப்பிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வாசிக்காவிட்டால் யேற்ஸ் சொன்னதில் பாதிதான் கிடைக்கும்.

ஒரு கடிதத்தின் பின்னே வந்த கவிதை

பறக்கிறவர்கள் மத்தியில் இன்றைக்கும் ஆகப் பிரபலமான கவிதை ஜோன் கிலெஸ்பி மகீ எழுதின 'உயரப் பறத்தல்'. அவர் 1922 இல் ஷங்காயில் பிறந்தவர். தகப்பன் அமெரிக்கர், தாய் பிரித்தானியர், இருவரும் மதப்பணியில் சீனாவுக்குப் போனவர்கள். 1937 இல் நான்ஜிங் நகரில் ஜப்பானியப் படை நடத்தின படுகொலையை இரகசியமாகப் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டியவர் இதே தகப்பன்தான். மகன் 1940 இல் கனடிய விமானப்படையில் சேர்ந்தார். 1941 செப்ரெம்பரில் இங்கிலாந்தில் இருந்து பெற்றோருக்கு எழுதின கடிதத்தோடு இந்தப் பதினான்கு வரிக் கவிதையை அனுப்பினார். முப்பதாயிரம் அடி உயரத்தில் மனதில் தொடங்கி, தரையிறங்கின கையோடு எழுதி முடித்ததாக அதில் சொல்லியிருந்தார்.

கவிதை முழுக்கச் சந்தோசம். பூமியின் பிடி விட்டுப்போன, வெளிச்சத்துக்குள் விளையாடுகிற, கடவுளுக்குக் கிட்டப் போய்விட்டதாக உணர்கிற ஒரு பொடியனின் துள்ளல். போர் என்ற சொல்லே அதில் இல்லை. அவர் ஓட்டினது எட்டுத் துப்பாக்கிகளோடு வடிவமைக்கப்பட்ட ஸ்பிற்ஃபயர் வகை விமானம் என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியாமலே போகலாம்.

மூன்று மாதம்தான். 1941 டிசெம்பர் 11 இல் லிங்கன்ஷயர் பகுதியில் மேகத்துக்குள்ளால் இறங்கும்போது அவரது விமானம் ஒரு பயிற்சி விமானத்தோடு மோதியது. எதிரி ஒருவரும் பக்கத்தில் இல்லை. அவர் கூண்டுக்கதவைத் தள்ளித் திறந்து குதித்ததை வயலில் நின்ற ஒருவர் பார்த்திருக்கிறார். ஆனால் பரசூட் விரிவதற்கு உயரம் போதவில்லை. வயது 19. பயிற்சி விமானத்தில் இருந்தவரும் இறந்தார்.

பிறகு அந்தக் கவிதைக்கு ஒரு தனி வாழ்வு கிடைத்தது. 1942 தொடக்கத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைக் கண்காட்சியில் வைத்தது. 1986 ஜனவரியில் சலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்த அன்று மாலை, சனாதிபதி றேகன் தன் உரையை அதிலிருந்து எடுத்த சொற்களோடு முடித்தார். கவிதையில் பொய் எதுவும் இல்லை. பறக்கிறதன் ஆனந்தம் உண்மையானது, பொடியளை விமானப்படைக்கு இழுத்ததும் அதுதான். ஆனால் அரசுகளுக்கு இப்படியான கவிதை எவ்வளவு வசதி என்பதையும் கவனிக்க வேண்டும். மரணம் நடந்த பிறகு, மரணமே இல்லாத ஒரு கவிதையை வாசிக்கலாம்.

முப்பது தடவை

இனிக் கணக்கைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவின் குண்டுவீச்சுப் பிரிவில் ஏறத்தாழ 125,000 பேர் விமானக்குழுக்களில் பறந்தார்கள். 55,573 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 44 பேர். இறந்தவர்களோடு காயப்பட்டவர்களையும் சிறைப்பட்டவர்களையும் சேர்த்தால் பாதிக்கு மேல் போய்விடும். சராசரி வயது 22 அளவில். கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, போலந்து, கரிபியன் தீவுகள் என்று பல இடங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். எல்லாரும் தாமாக விரும்பிப் பறக்க வந்தவர்கள். ஒருவரையும் கட்டாயப்படுத்தி ஏற்றவில்லை.

ஒரு சுற்று முடிக்க 30 தடவை பறக்க வேண்டும். ஒரு இரவில் நூறு விமானத்தில் நாலு திரும்பி வராவிட்டால் அது வழமையான இரவு. கேட்க நாலு சின்ன இலக்கம். ஆனால் முப்பது தடவை அதையே பெருக்கிப் பார்த்தால், நூறு பேரில் கிட்டத்தட்ட 29 பேர்தான் சுற்றை முடிப்பார்கள். சில இரவுகள் நாலோடு நிற்கவில்லை. 1944 மார்ச் 30 இரவு நூரெம்பேர்க் நகருக்குப் போன 795 விமானங்களில் 95 அழிந்தன. ஐந்நூறுக்கு மேற்பட்டோர் அந்த ஒரே இரவில் செத்தார்கள்.

எப்படிச் செத்தார்கள்? தரையிலிருந்து சுடுகிற பீரங்கி, இருட்டில் கீழ்ப்பக்கமாக வந்து சுடுகிற ஜேர்மன் இரவுப் போர்விமானம், மேலே பறக்கிற சொந்த விமானம் போடுகிற குண்டு, இருட்டில் மோதல், திரும்பி வரும்போது பனிமூட்டம், எரிபொருள் முடிந்துபோதல். பயிற்சிக் காலத்திலேயே 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள். லங்காஸ்டர் விமானத்தின் வாலில் தனியாக இருந்த சூட்டாளருக்குச் சுற்றிவரக் குளிர், மறை நாற்பது பாகை வரை போகும். ஒக்சிசன் குழாய் உறைந்தாலும் சாவு. ஏழு பேர் ஏறுகிற அந்த விமானத்திலிருந்து குதித்துத் தப்புகிற கதவு, ஹலிஃபக்ஸ் விமானத்தின் கதவைவிட இரண்டு அங்குலம் ஒடுக்கம். சுட்டு விழுத்தப்பட்ட லங்காஸ்டர்களில் உயிர்தப்பினவர்களின் விகிதமும் அந்தளவுக்குக் குறைவாக இருந்தது. பிற்காலத்தில் பெரிய பௌதிகவியலாளராக வந்த ஃபிறீமன் டைசன் தன் பத்தொன்பதாவது வயதில் குண்டுவீச்சுப் பிரிவில் கணக்குப் பார்க்கிற வேலையில் சேர்ந்தவர். அனுபவம் கூடக் கூடத் தப்புகிற வாய்ப்பும் கூடும் என்றுதான் பொடியளுக்குச் சொல்லப்பட்டது. புள்ளிவிபரத்தைப் பார்த்தால் 1944 அளவில் அப்படி ஒன்றும் இல்லை. புதியவனும் பழையவனும் ஒரே மாதிரித்தான் செத்தார்கள். அதைப் பொடியளுக்குச் சொல்லவில்லை என்பதை டைசன் பிற்காலத்தில் குற்ற உணர்வோடு எழுதினார்.

பறக்க ஏலாது என்று மறுத்தவர்களுக்கு ஒரு முத்திரை இருந்தது. 'மனத்திடம் இல்லாதவர்' என்று பதிவேட்டில் எழுதித் தரத்தை இறக்கி அனுப்புவார்கள். இருபத்துநாலு முறை பறந்து போய்வந்தவன் இருபத்தைந்தாவது முறை கை நடுங்கி நின்றாலும் அதே முத்திரைதான்.

இப்படியான இடத்தில் சாவைப் பற்றி நேராகக் கதைக்க முடியாது. பொடியள் தங்களுக்குள் ஒரு பாசையை உண்டாக்கினார்கள். ஒருவன் வராவிட்டால் பேர்ட்டனுக்குப் போயிட்டான் என்பார்கள். பேர்ட்டன் பியருக்குப் பேர்போன ஊர். சாப்பாட்டு மேசையில் கதிரை வெறுமையாக இருக்கும், அன்றைக்கே கட்டிலைத் துப்பரவாக்கி அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஜோன் பட்னி என்ற விமானப்படை அதிகாரி 1941 இல் லண்டனில் எழுதின 'ஜொனிக்காக' என்ற கவிதை இந்த அடக்கத்திலிருந்துதான் வந்தது. விழுந்த விமானிக்காக ஒப்பாரி வேண்டாம், அவன் விட்டுப்போன பிள்ளையைப் பாருங்கள் என்பதுதான் சாரம். சின்னச் சின்ன வரிகள். 1945 இல் வந்த 'நட்சத்திரங்களுக்கான வழி' என்ற திரைப்படத்தில், இறந்துபோன விமானி எழுதினதாக அதை வைத்தார்கள். பிரித்தானியா முழுக்க அது மனப்பாடமானது. துக்கத்தை விழுங்கச் சொல்லுகிற கவிதை என்று குறை சொல்லலாம். ஆனால் பிள்ளைக்குப் பசிக்கும் என்பதை ஞாபகம் வைத்திருந்த போர்க்கவிதைகள் குறைவு. அந்த விசயத்தில் பட்னியை எங்களுக்குப் பிடிக்கும்.

வயிற்றுக்குள் ஒருவன்

எல்லாவற்றையும் உடைத்துப் போட்டவர் அமெரிக்கக் கவிஞர் றண்டல் ஜறெல். அவர் போரில் பறக்கவில்லை. விமானியாகப் பயிற்சி எடுக்கப்போய்த் தேறாமல், அரிசோனாவில் நட்சத்திரங்களை வைத்துத் திசை பார்க்கிற முறையைப் பொடியளுக்குப் படிப்பிக்கிற வேலையில் இருந்தார். தான் படிப்பித்து அனுப்பினவர்களில் எத்தனை பேர் திரும்பப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். 1945 இல் வெளியான அவரது கவிதைத் தொகுப்பின் பெயர் 'சின்ன நண்பா, சின்ன நண்பா'. குண்டுவீச்சு விமானத்தில் இருக்கிறவர்கள் துணைக்கு வருகிற போர்விமானங்களை வானொலியில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

அதே 1945 இல் வந்ததுதான் விமானத்தின் அடிவயிற்றுக் கோளத்தில் இருக்கிற சூட்டாளரின் சாவைப் பற்றிய அவரது ஐந்து வரிக் கவிதை. பி-17, பி-24 வகை விமானங்களின் கீழ்ப்பக்கத்தில், கண்ணாடியும் உலோகமுமான ஒரு உருண்டை தொங்கும். இரண்டு பெரிய இயந்திரத் துப்பாக்கிகளுக்கு நடுவில், முழங்காலை மடக்கிச் சுருண்டு ஒருவன் இருக்க வேண்டும். கட்டையான ஆளாகப் பார்த்துத்தான் போடுவார்கள். பெரும்பாலும் உள்ளே பரசூட் வைக்கவும் இடம் இல்லை. அந்த இருப்பைக் கர்ப்பத்துக்குள் இருக்கிற பிள்ளையின் இருப்பாக ஜறெல் கண்டார். தாயின் வயிற்றிலிருந்து நேராக அரசின் வயிற்றுக்குள் விழுந்து, உயரத்தில் விழித்து, செத்து, கடைசியில் தண்ணிக் குழாயால் கழுவி எடுக்கப்படுகிற ஒருவன் தன் கதையைத் தானே சொல்லுகிறான். கழுவுகிற அந்தக் குழாய் நீராவிக் குழாய் என்று ஜறெல் தனியாக ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்.

யேற்ஸின் விமானி தெரிவுசெய்தான். மகீ துள்ளினார். ஜறெலின் சூட்டாளருக்குத் தெரிவும் இல்லை, துள்ளலும் இல்லை, பெயர்கூட இல்லை. அவனுக்குப் பிறப்புக்கும் சாவுக்கும் நடுவில் வாழ்க்கை என்று ஒன்று வரவே இல்லை. ஐந்து வரியில் ஒரு ஆயுளைச் சொல்லி முடித்துவிட முடிவதே அவன் வயதைக் காட்டுகிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரனுக்கு அதுக்கு மேல் சொல்ல என்ன இருந்திருக்கும்?

'இழப்புகள்' என்ற இன்னொரு கவிதையில் ஜறெல் பயிற்சியில் செத்தவர்களைப் பேசவிடுகிறார். போர் முடியும்வரை அமெரிக்க மண்ணிலேயே, ஒரு எதிரியையும் காணாமல், விமான விபத்துகளில் ஏறத்தாழ 15,000 அமெரிக்க விமானப்படையினர் இறந்தார்கள். அவர்களுக்குக் கவிதை எழுத ஆள் இல்லை. போர்க்களத்தில் செத்தால் வீரமரணம், மலையில் மோதிச் செத்தால் ஒரு அறிக்கை. அதே கவிதை இன்னொரு இடத்துக்கும் போகிறது. தப்பிப் பறந்தவர்கள் குண்டு போட்ட நகரங்களின் பெயர்கள் அவர்களுக்குப் பாடசாலைப் படிப்பில் மட்டும் தெரிந்தவை. அங்கே இருந்த சனத்தை அவர்கள் கண்டதில்லை. இந்த இடத்தில் கவிதை முதல் தடவையாகக் கீழே பார்க்கிறது.

கீழே இருந்தவர்கள்

கீழே என்ன நடந்தது என்பதையும் இலக்கத்தில் சொல்ல வேண்டும். 1943 ஜூலைக் கடைசியில் ஹம்பேர்க் நகர் மீது நடந்த தாக்குதல்களில் 35,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நெருப்பே புயலாக மாறி வீதியில் ஓடினவர்களை இழுத்தது. 1945 பெப்ரவரியில் டிறெஸ்டன் நகரில் 25,000 பேர் வரை. 1945 மார்ச்சில் டோக்கியோவில் ஒரே இரவில் எண்பதாயிரத்துக்கும் ஒரு இலட்சத்துக்கும் இடையில். விமானிகளுக்கு இருந்த ஆபத்தைப் பற்றிக் கதைக்கிறபோது இந்த இலக்கங்களை ஒளித்தால் அது நேர்மையில்லை.

பறந்து, தப்பி, பிறகு கவிஞரானவர்கள் இதோடு மல்லுக்கட்டினார்கள். ஜேம்ஸ் டிக்கி பசிபிக்கில் இரவுப் போர்விமானப் பிரிவொன்றில் ராடர் பார்க்கிறவராக இருந்தவர். 1964 இல் அவர் 'தீக்குண்டு வீச்சு' என்ற நீண்ட கவிதையை எழுதினார். இருபது வருடத்துக்குப் பிறகு, சாப்பாட்டுச் சாமான் நிறைந்த தன் வீட்டுச் சமையலறைப் பக்கத்தில் நிற்கிற ஒருவன், ஜப்பானிய ஊர் ஒன்றின் மீது தான் போட்ட நேபாம் குண்டை நினைக்கிறான். நினைக்க முடிகிறது, ஆனால் குற்ற உணர்வு வரவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும்போது நெருப்பு அழகாக மட்டும் தெரிந்தது. அது வராததுதான் கவிதையின் பயங்கரம். வியட்நாமில் அமெரிக்கா நேபாம் போட்டுக்கொண்டிருந்த 1967 இல், றொபேர்ட் பிளை என்ற கவிஞர் டிக்கியைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். இது மனச்சாட்சியின் கவிதை இல்லை, மனச்சாட்சி செத்ததை இரசிக்கிற கவிதை என்பது அவர் வாதத்தின் சாரம். எங்களுக்குள்ளேயும் இதைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது. ஆனால் உயரம் என்பது விமானியைக் காப்பாற்றுகிற கவசம் மட்டுமல்ல, அவனுடைய மனத்துக்குள்ளும் போகிற ஒரு தூரம் என்பதை டிக்கி அளவுக்கு யாரும் சொல்லவில்லை.

இதைவிட எங்களைப் பிடித்து நிறுத்தினது றிச்சர்ட் ஹியூகோவின் கதை. 1923 இல் பிறந்தவர். இத்தாலியில் தளம் வைத்திருந்த அமெரிக்கக் குண்டுவீச்சுப் பிரிவில் குண்டைக் குறிபார்த்துப் போடுகிறவராக 35 தடவை பறந்தார். சாள்ஸ் சிமிக் 1938 இல் பெல்கிறேட் நகரில் பிறந்தவர். 1941 ஏப்ரலில் ஜேர்மன்காரர் போட்ட குண்டு எதிர் வீட்டில் விழுந்து, மூன்று வயதுகூட நிரம்பாத அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி எறிந்தது. 1944 இல் நேசநாடுகளும் அதே நகருக்குக் குண்டு போட்டன. பிறகு அவர் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போய் ஆங்கிலத்தில் எழுதுகிற கவிஞரானார்.

1972 இல் இரண்டு பேரும் சந்தித்தார்கள். சிமிக் தன் சின்ன வயதுப் பெல்கிறேட்டைப் பற்றிக் கதைக்க, ஹியூகோ அந்த நகரின் வரைபடத்தை விவரிக்கத் தொடங்கினார். நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா என்று சிமிக் கேட்டார். போனதில்லை, குண்டு போட்டிருக்கிறேன் என்பதுதான் பதில். அந்த நேரம் நான் கீழே இருந்தேன் என்று சிமிக் சொன்னதும் ஹியூகோ கலங்கிப்போனார். தனக்குக் கோபம் எதுவும் இல்லை என்று சிமிக் ஆறுதல் சொன்னார்.

பிறகு ஹியூகோ சிமிக்குக்கு ஒரு கடிதம் மாதிரி ஒரு கவிதை எழுதினார். 1977 இல் வந்த தொகுப்பில் அது இருக்கிறது. அதில் அவர் தன்னை வீரனாகவும் காட்டவில்லை, அரக்கனாகவும் காட்டவில்லை. தான் மிகமோசமாகக் குறிபார்க்கிறவன், பாலத்துக்குப் போட்டது எங்கே விழுந்ததோ தெரியாது, அப்போது தனக்கிருந்த கவலை உயிரோடு திரும்புவது ஒன்றுதான் என்கிறார். பயந்துபோன இருபது வயதுப் பொடியன் ஒருவன், கீழே ஆறு வயதுப் பொடியன் ஒருவன் இருப்பதை அறியாமல் கைப்பிடியை இழுத்திருக்கிறான். விமானிக்கிருந்த ஆபத்தும் விமானியால் வந்த ஆபத்தும் ஒரே கவிதைக்குள் வந்து நிற்கிற இடம் இது. அறுபது வருடமாகப் போர்க்கவிதை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த சந்திப்பு.

எங்கட வானம்

இலங்கை வானமும் அந்தப் போருக்கு வெளியே இருக்கவில்லை. 1942 ஏப்ரல் 4 இல் கொக்கலையிலிருந்து பறந்த ஒரு கற்றலீனா விமானம் ஜப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரிக்கை அனுப்பியது. அதில் இருந்த ஒன்பது பேரில் மூன்று பேர் செத்தார்கள், மிச்சப்பேர் சிறைப்பட்டார்கள். அடுத்த நாள், உயிர்த்த ஞாயிறு அன்று, கொழும்பு தாக்கப்பட்டது. இரத்மலானையிலிருந்தும், ஓடுபாதையாக மாற்றப்பட்டிருந்த கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் எழும்பின ஹரிக்கேன் விமானங்களில் பல திரும்பவில்லை. ஏப்ரல் 9 இல் திருகோணமலை. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. அந்தக் குதிரைப்பந்தயத் திடலில் இன்றைக்குக் கடைத்தொகுதி இருக்கிறது. அங்கே கோப்பி குடிக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதுக்குப் பிறகு வந்த எங்கட போரில், வடக்கு கிழக்குச் சனம் விமானங்களைச் சத்தத்தால் பிரித்து அறியப் பழகியது. ஹெலி, பொம்மர், சகடை, கிபிர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட எதுக்கு ஓட வேண்டும், எதுக்குப் படுக்க வேண்டும் என்று தெரியும். அந்தப் பெயர்கள் எல்லாம் இயந்திரத்தின் பெயர்கள். உள்ளே இருந்தவனுக்கு எங்கட பாசையில் பெயர் இல்லை, முகமும் இல்லை. அது எங்கட குற்றம் இல்லை. பங்கருக்குள் இருக்கிறவர் மேலே இருப்பவனின் வயதை யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே இந்தக் கவிதைகளை வாசித்து, எல்லாரும் மனிதர்தானே என்று சொல்லிவிட்டு எழும்பிப் போக எங்களால் முடியவில்லை. எல்லா விமானப்படைக்கும் ஒரே கணக்கும் இல்லை. நூற்றுக்கு 44 பேர் செத்த படையையும், எதிரே சுட ஒன்றும் இல்லாத ஊருக்கு மேலே வந்து குண்டு போட்டுவிட்டுப் போகிற விமானத்தையும் ஒன்றாக வைத்துப் பரிதாபப்பட முடியாது. ஆபத்தைப் பற்றிய கவிதை, ஆபத்து யாருக்கு எவ்வளவு இருந்தது என்ற கேள்வியையும் தாங்க வேண்டும். ஜறெலும் ஹியூகோவும் தாங்குகிறார்கள். சலஞ்சர் உரையில் வாசிக்கப்பட்ட வரிகள் தாங்கா.

ஆனால் ஒரு விசயத்தை இந்தக் கவிதைகள் எங்களுக்குக் கற்றுத்தந்தன. அரசுகளுக்குப் பத்தொன்பது வயதுக்காரர்கள் தேவைப்படுவது தற்செயல் இல்லை. அந்த வயதில் உயரம் பிடிக்கும், வேகம் பிடிக்கும், சாவு தனக்கு வராது என்ற நம்பிக்கை இருக்கும். அதைப் பிடித்து ஒரு உருண்டைக்குள் போட்டுப் பூட்டி அனுப்புகிறவர்கள், வயதுபோனவர்கள், தரையிலேயே இருக்கிறார்கள். கவிதையில் அவர்கள் அனேகமாக வருவதில்லை. கழுவி எடுக்கக் குழாயைக் கொடுத்தனுப்புகிற கை யாருடையது என்று ஜறெல் கேட்டமாதிரி, இங்கேயும் யாராவது கேட்டு எழுத வேண்டும். இங்கே கீழே இருந்த பொடியளுக்கும் இப்போது எழுதுகிற வயது. மேலே இருந்த யாராவது ஒருவர், ஹியூகோ மாதிரி, ஒரு கடிதம் எழுதினால் வாசிக்க நாங்கள் தயாராக இருக்கிறோம். சிமிக் மாதிரிக் கோபமில்லை என்று சொல்லுவோமா என்பது வேற கதை.